பப்பாளி உள்ளே வந்த வழி

அந்தத் தீவு விடுதி உள்ளூர் உணவின் மீது வைத்திருந்த மரியாதைக்கு அளவே கிடையாது. படகிலிருந்து இறங்கும் இடத்திலேயே அதைப் பற்றி ஆளுயரப் பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். 'இந்த மண்ணில் விளைந்தது, இன்று பறித்தது, உங்கள் தட்டில்' என்று அதில் எழுதியிருந்தது. பலகையைத் தினமும் காலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார். உள்ளூர்ப் பொருள் எதற்காவது அந்த விடுதியில் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்றால் அது அந்தப் பலகைக்கு மட்டும்தான் என்பது விடுமுறைக்கு வந்திருந்த பஸ் டிப்போ டைம்கீப்பர் ஒருவருக்குப் போகப்போகத்தான் தெரியவந்தது.

டைம்கீப்பர் சந்தேகப் பிராணி இல்லை. பலகையில் எழுதியிருந்தால் அது நடக்கும் என்று நம்பியே காலத்தை ஓட்டியவர். பலகையில் போட்ட நேரத்துக்கு முன்னால் அவருடைய டிப்போவிலிருந்து எந்த பஸ்ஸும் கிளம்பியது கிடையாது. சொந்தச் சகலை, மாமனார் சீரியஸாக இருக்கிறார் என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து கெஞ்சியபோதும் கிளம்பவில்லை. அந்த மாமனார் தமக்கும் மாமனார்தான் என்பதைக்கூட அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விடுமுறைக்கு வந்த இடத்திலும் சட்டையை இன் பண்ணி, பெல்ட் போட்டுக்கொண்டுதான் கடற்கரைக்குப் போனார்.

பயணம் அவருடைய ஏற்பாடு அல்ல. மகனும் மருமகளும் சேர்ந்து பணம் கட்டி அனுப்பிவைத்தார்கள். "அத்தைக்கு இடம் மாறினா வாய்க்கு ருசி வரும் மாமா" என்றாள் மருமகள். அவர் மனைவி மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்தவள். நோய் போய்விட்டது, போகும்போது நாக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. எதைக் கொண்டுவந்து வைத்தாலும் "வைங்க, அப்புறம் சாப்பிடறேன்" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அவளுக்கு ஆசை காட்டுவதற்காக அவள் எதிரில் உட்கார்ந்து சப்புக்கொட்டிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, டைம்கீப்பர் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடவேண்டி வந்தது. அவளோ வளையல் முழங்கைவரை ஏறுகிற அளவுக்கு இளைத்துப்போனாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

விடுதிக்கு வந்த மறுநாள் காலை, அறையின் பால்கனியில் உட்கார்ந்திருந்தவள் மதிலுக்கு அப்பால் கையைக் காட்டினாள். அங்கே ஒரு பப்பாளி மரம் நின்றது. உச்சியில் ஒரு பழம் மஞ்சள் பூத்து, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அந்த மாதிரி ஒரு பப்பாளி கிடைச்சா சாப்பிடலாம்போல இருக்கு."

டைம்கீப்பர் வாயில் வைத்த காபியை விழுங்க மறந்துபோனார். எத்தனை மாதமாயிற்று அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து! "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு உணவுக்கூடத்துக்கு ஓடினார்.

அங்கே பப்பாளி இருக்கத்தான் இருந்தது. ஒரே அளவில் வெட்டிய துண்டுகள், தாயக்கட்டைகளைக் குவித்ததுபோல் கண்ணாடித் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. எடுத்துக் கடித்தால் பல் கூசியது. முன்னொரு காலத்தில் பப்பாளியைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது என்று சொல்லலாம், அதற்குமேல் அதற்கும் பப்பாளிக்கும் தொடர்பில்லை. ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் ஒரு துண்டை வாயில் வைத்து, எடுத்து, கிண்ணத்தின் ஓரத்தில் போட்டாள்.

"வைங்க, அப்புறம் சாப்பிடறேன்."

உடனே வரவேற்பறைக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது. நல்ல பழுத்த பப்பாளி வேண்டும் என்றார். கட்டாயம் சார் என்றாள். சற்று நேரத்தில் வெள்ளிமூடி போட்ட தட்டு வந்தது. திறந்தால் பப்பாளி சோப்பு. மறுபடி போன் செய்தார். தலையணையில் பீய்ச்சுகிற பப்பாளி வாசனை வந்தது. மூன்றாம் முறை, "சாப்பிடறதுக்கும்மா, வாயால சாப்பிடறதுக்கு" என்று கத்தியேவிட்டார். ஒரு பெண் கிண்ணமும் தூரிகையுமாக வந்து, அவர் தடுப்பதற்குள் அவர் மனைவியின் முகம் முழுக்கப் பப்பாளிக் களிம்பைப் பூசிவிட்டு, உலரும்வரை பேசக்கூடாது என்று சொல்லிப் போனாள்.

மனைவி களிம்புக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் டைம்கீப்பர் நேரே, புத்தம்புது உணவுக்கென்றே அங்கே வைத்திருந்த புத்துணவு மேலாளரின் அறைக்குப் போய்விட்டார்.

புத்துணவு மேலாளர் அன்னாசிப்பழம் அச்சடித்த டை கட்டியிருந்தார். அவர் மேசையில் ஒரு பழக்கூடை இருந்தது. உதவியாளர் ஒருவர் அதிலிருந்த மாம்பழத்தைச் சின்ன பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், எங்க விருந்தினர்கள் உள்ளூர் உணவை உயிரா நேசிக்கிறாங்க" என்று மேலாளர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "அந்த நேசத்தைக் காப்பாத்தத்தான் இந்தத் துறையே இருக்கு. சாப்பிட்டுட்டா நேசம் எங்க இருக்கும் சொல்லுங்க? வயிறுதான் நிறையும்."

"என் வீட்டுக்காரிக்கு வயிறு நிறைஞ்சாப் போதும் சார்."

"அதுக்குத்தான் துண்டுகள் வச்சிருக்கோமே!"

"அது எங்கேருந்து வருது?"

"இந்தத் தீவுலேருந்துதான்!" மேலாளருக்குக் கண் கலங்கியது. "பிஞ்சுலயே பறிச்சு, படகுல ஏத்தி, அக்கரையில குளிர்க்கிடங்குல தங்கவச்சு, 'தீவின் புத்தம்புதுப் பழம்'னு ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி படகுல ஏத்தி இங்க கொண்டுவந்துடறோம். எங்க விருந்தினர் எப்படிக் கடல் கடந்து வர்றாரோ, அதே மாதிரி பழமும் கடல் கடந்து வருது. ரெண்டும் சமம்."

"மரத்துலேருந்து நேரா சமையலறைக்கு வந்துட்டா?"

"நேரா வந்தா அது புதுசுன்னு யார் சார் சொல்றது? ஸ்டிக்கர் அக்கரையிலதானே ஒட்டறாங்க!"

டைம்கீப்பருக்கே இதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் பட்டது. பலகை மாட்டாத பஸ்ஸை அவரும் பஸ் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் முகத்தில் களிம்போடு உட்கார்ந்திருந்தவளின் ஞாபகம் வந்தது.

"மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் நிக்குதே. அதுலேருந்து நானே போய் ஒண்ணு வாங்கிக்கிறேன்."

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கெட்ட சேதியைப் பக்குவமாகச் சொல்லும் டாக்டரின் குரல் அது. "உங்களை யாரும் தடுக்கமாட்டாங்க சார். ஆனா யோசிச்சுப் பாருங்க. அது இன்னிக்குக் காலையில மரத்துல இருந்த பழம். அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

அதற்கு முன்னாடியும் மரத்தில்தான் இருந்திருக்கும் என்று டைம்கீப்பருக்குத் தோன்றியது. மரியாதை கருதிச் சொல்லவில்லை. எழுந்து வெளியே போனார்.

மதிலைச் சுற்றிக்கொண்டு போனால் அந்த மரத்தடியிலேயே ஒரு பழக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். விடுதி விருந்தாளி ஒருவர் நடந்து தன்னிடம் வந்ததைப் பார்த்து அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"வழி தவறி வந்துட்டீங்களா? வாசல் அந்தப் பக்கம்."

"பழம் வாங்க வந்தேம்மா."

"பழமா?" அவள் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "உள்ள இருக்கறவங்க மதில் மேல நின்னு போட்டோ எடுப்பாங்க, கையாட்டுவாங்க. நானும் ஆட்டுவேன். வாங்கறேன்னு யாரும் வந்ததில்லை."

மனைவியின் உடம்பைப் பற்றிச் சொன்னார். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, தானாக வந்துவிட்டது. வளையல் முழங்கைக்கு ஏறுவதையும் சொன்னார். அவள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, துரட்டியால் உச்சியில் இருந்த அந்த மஞ்சள் பழத்தையே இழுத்து முந்தானையில் பிடித்துக் கொடுத்தாள்.

"சூடா இருக்கும், வெயில் பட்டது. தண்ணியில கொஞ்ச நேரம் போட்டுக் கொடுங்க. ஆனா வாசல்ல விடமாட்டானுங்களே. இந்த சட்டையை வெளிய எடுத்து விட்டீங்கன்னா உள்ளே ஒண்ணு என்ன, ரெண்டு பழம் தாராளமா போகும்."

டைம்கீப்பருக்குச் சுருக்கென்றது. "அது தப்பும்மா. முறைப்படிதான் போவேன்."

"அப்போ உங்க வீட்டுக்காரம்மா முறைப்படிதான் சாப்பிடுவாங்க" என்றாள் அவள்.

வாசல் காவலாளி நல்ல மனிதர். பழத்தைப் பார்த்தவுடன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். பிறகுதான் அது டைம்கீப்பரின் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"சார், விருந்தாளி வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது."

"இது சாப்பாடு இல்லப்பா, ஒரே ஒரு பழம்."

"பழத்தோட வர்றவர் விவசாயி சார். விவசாயிக்குப் பக்கவாசல்."

"நான் விருந்தாளிய்யா. கையில வளையம் கட்டியிருக்கேன் பாரு."

காவலாளி அந்த நீல வளையத்தை உற்றுப் பார்த்து, பழத்தையும் உற்றுப் பார்த்து, நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீங்க விருந்தாளியா வந்தா பழம் வெளியே. விவசாயியா வந்தா பழம் உள்ளே. ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்க முடியாது சார். எந்த ஆளுன்னு நீங்களே சொல்லிடுங்க."

 பழத்தின் சூடு உள்ளங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் டைம்கீப்பர் விவசாயி ஆனார்.

காவலாளி தன் கைக்குட்டையால் அவருடைய நீல வளையத்தை மூடிக் கட்டினார். ஓலைத் தொப்பி ஒன்றும், இன் பண்ணிய சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ள ஒட்டுப்போட்ட மேல்சட்டை ஒன்றும் கொடுத்தார். மேல்சட்டை புத்தம் புதியது. கிழிசலே இல்லாத இடங்களில் பார்த்துப் பார்த்து ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

பக்கவாசல் சந்தைக்கூடத்தில் போய் முடிந்தது. 'உள்ளூர்ச் சந்தை அனுபவம்' என்று எழுதியிருந்த அந்தக் கூடத்தில் ஏர் கண்டிஷன் போட்டு, ஒலிபெருக்கியில் சந்தை இரைச்சலைச் சன்னமாக ஓடவிட்டிருந்தார்கள். கடைகளில் உட்கார்ந்திருந்த விவசாயிகளில் ஒருவர் நீச்சல்குளம் சுத்தம் செய்பவர், மற்றவர் கணக்குப் பிரிவு. அவர்கள் முன்னால் குவிந்திருந்த பழங்கள் எல்லாம் மெழுகு.

"உங்களுது என்ன, மெழுகா, பிளாஸ்டிக்கா?" என்று கணக்குப் பிரிவு விசாரித்தார்.

"பப்பாளி."

"அது தெரியுது. எதுல செஞ்சது?"

டைம்கீப்பர் காலியாக இருந்த ஒரு கடையில் உட்கார்ந்து பழத்தை மடியில் வைத்துக்கொண்டார். கூடத்தின் மறுபக்கக் கதவு விருந்தினர் பகுதிக்குப் போகும் கதவு. எழுந்து அதை நோக்கி நடந்தார். அங்கே நின்ற புத்துணவு மேலாளர் அவருடைய தொப்பியை மட்டும் பார்த்துவிட்டு, "ஏய், எங்க போற? விவசாயி அந்தப் பக்கம் போகக்கூடாது" என்றார். காலையில் நெஞ்சில் கைவைத்து சார் சார் என்று பேசிய அதே வாய்.

"சார், நான்தான் காலையில வந்தேனே. ரூம்ல என் வீட்டுக்காரி காத்துட்டிருக்கா."

மேலாளர் தொப்பிக்கு அடியில் குனிந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. "அடடே, சாரா! பிரமாதம்! முகத்துல அந்தக் கஷ்டம் அப்படியே தெரியுது. கணக்குப் பிரிவுக்கு நான் எவ்வளவு சொல்லியும் வரல. அப்படியே உக்காருங்க, பெரிய கூட்டம் வருது."

"பழத்தை மட்டும் ரூமுக்குக் கொடுத்து அனுப்பிட்டு..."

"ஸ்டிக்கர் இல்லாம அந்தக் கதவைத் தாண்டக்கூடாது சார். இங்கே பிரச்சினை இல்லை, சந்தையில யாரும் சாப்பிடறதில்லையே. வேணும்னா உங்க மிஸஸை இங்க கூப்பிட்டுக்கறேன். அவங்க விருந்தாளியா வந்து முறைப்படி உங்ககிட்ட வாங்கிக்கட்டும்."

முறைப்படி என்ற வார்த்தையைக் கேட்டதும் டைம்கீப்பர் உட்கார்ந்துவிட்டார். முறை என்று ஒன்று இருந்தால் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு எப்படியும் போய்ச் சேரும் என்பது அவருடைய நம்பிக்கை.

விருந்தினர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சோப்பு போட்டுக் கழுவிய கிளிஞ்சல்கள் ஒரு பை கொடுக்கப்பட்டிருந்தது. சந்தையில் அதுதான் காசு. மேலாளர் மைக்கைப் பிடித்து, பேரம் பேசுவது எப்படி என்று பாடம் நடத்தினார். வாங்குபவர் முதலில் முகத்தைச் சுளிக்க வேண்டும். விற்பவர் தலையில் கைவைக்க வேண்டும். வாங்குபவர் போவதுபோல் போக வேண்டும், விற்பவர் கூப்பிட வேண்டும். கடைசியில் எல்லாரும் பழத்தைக் கன்னத்தோடு வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்காகக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட வேண்டும்.

"ஏன்னா நீங்க வாங்கறது பழம் இல்லை!" மேலாளரின் குரல் தழுதழுத்தது. "பழத்தை யார் வேணும்னாலும் வாங்கலாம். தெருவுல போற ஏழைகூட வாங்கித் தின்னுட்டுப் போயிடுவான். வாங்கின அனுபவத்தை மட்டும் எடுத்துட்டுப் போறது எங்க விருந்தினருக்கு மட்டுமே கிடைச்ச பாக்கியம்!"

கைதட்டல் எழுந்தது. நீச்சல்குளக்காரர் பழக்கதோஷத்தில் தலையில் கைவைத்துக்கொண்டார். டைம்கீப்பர் நிஜமாகவே தலையில் கைவைத்துக்கொண்டார். மேலாளர் அவரைச் சுட்டிக்காட்டி மறுபடி கைதட்ட வைத்தார்.

அப்போது அவர் மனைவி வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், காதோரம் மட்டும் களிம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் கிளிஞ்சல் பை. கூட்டத்துக்குள் தேடித் தேடிக் கடைசியில் ஓலைத் தொப்பிக்குக் கீழே தன் புருஷனைக் கண்டுபிடித்தாள்.

"என்னங்க இது வேஷம்?"

"உனக்குப் பப்பாளி வாங்கப் போனேன்."

அவள் தொப்பியைப் பார்த்தாள், ஒட்டுகளைப் பார்த்தாள், மேல்சட்டைக்கு அடியில் பெல்ட் தெரிய இன் பண்ணிய சட்டையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நோயில் விழுந்ததிலிருந்து அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை. 

"மேடம், சிரிக்கக்கூடாது, முகத்தைச் சுளிக்கணும்!" என்று மேலாளர் மைக்கில் சொன்னார். "பழம் அழுகினது மாதிரி பாருங்க. அவர் ஏமாத்துக்காரர்னு நினைச்சுக்கோங்க."

"இவரா? இவருக்கு ஏமாத்தத் தெரிஞ்சிருந்தா நான் இந்நேரம் பழம் தின்னிருப்பேனே" என்றாள் அவள்.

"கேளுங்க மேடம், விலை கேளுங்க!"

"பழம் எவ்வளவுங்க?"

டைம்கீப்பர் மடியிலிருந்த பழத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். அவள் கிளிஞ்சல் பையை அப்படியே அவர் மடியில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இப்ப கன்னத்தோட வச்சு ஒரு படம்!" மேலாளர் கூவினார். "அப்புறம் கூடைக்குள்ள..."

அப்புறம் என்ற அந்த வார்த்தையை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழத்தைக் கடையின் மரச்சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டி, இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டுப் பிளந்தாள். கருவிதைகள் மெழுகு மாம்பழங்களின் மேல் சிதறின. வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நின்ற இடத்திலேயே, மோவாயிலும் முழங்கையிலும் சாறு வழிய, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தாள்.

 ஒலிபெருக்கி மட்டும் சந்தை இரைச்சலை எழுப்பிக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்த ஒரு குழந்தை, "அம்மா, அவங்க நெசமாவே தின்னுறாங்க" என்றது.

மேலாளர் வெளிறிப்போனார். ஆனால் அவர் சும்மா மேலாளர் ஆனவர் இல்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனபோது சிரிப்பு திரும்ப வந்துவிட்டது.

"பார்த்தீங்களா! எவ்வளவு தத்ரூபமான நடிப்பு! எங்க விருந்தினர்களுக்காக முதல்முறையா இன்னிக்கு அறிமுகப்படுத்தியிருக்கோம், 'உள்ளூர்ப் பசி அனுபவம்'!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாரும் போனை உயர்த்திக்கொண்டார்கள். மேலாளர் குனிந்து டைம்கீப்பரின் காதில் கிசுகிசுத்தார்: "சாயங்காலக் கூட்டத்துக்கும் மேடம் இதே மாதிரி செய்யணும் சார். மெழுகுப் பழம் தர்றோம். ஆனா அதே பசி இருக்கணும்."

டைம்கீப்பர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாறு வளையல்மீது இறங்கி, வளையல் தோலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பழத்தில் தோல் மட்டும் மிஞ்சியதும் அவள் அதையும் ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னொண்ணு கிடைக்குமா?"

டைம்கீப்பர் எழுந்தார். ஓலைத் தொப்பியைக் கழற்றி மேலாளரின் தலையில் வைத்தார். ஒட்டுப்போட்ட மேல்சட்டையைக் கணக்குப் பிரிவின் கையில் கொடுத்தார். கைக்குட்டையை அவிழ்த்து நீல வளையத்தை வெளியே எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக நடந்தார்.

மதிலைச் சுற்றி மரத்தடிக்குப் போகும்போதே பெல்ட்டைத் தளர்த்தி, சட்டையை வெளியே எடுத்து விட்டுக்கொண்டார். திரும்பி முன்வாசலுக்கு வந்தபோது அவர் வயிறு முன்பைவிட நன்றாகப் பெருத்திருந்தது. காவலாளி எழுந்து வணக்கம் வைத்துவிட்டு, நீல வளையத்தை மட்டும் பார்த்து, "உள்ள போங்க சார்" என்றார்.